வகுப்பறைத் திரையும் வளரும் கண்ணும்

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொவிட்-19 கிருமிப்பரவலால் சீனாவில் பள்ளிகள் மூடப்பட்டன. சாண்டோங் மாநிலத்தின் ஃபெய்ச்செங் நகரப் பிள்ளைகளும் சில மாதங்கள் வீட்டில் இருந்தபடியே இணையம்வழி படித்தார்கள். தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்கு நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் திரைவழிப் பாடம். தொடக்கநிலை 3 முதல் 6 வரை படித்தவர்களுக்குச் சுமார் இரண்டரை மணி நேரம். பள்ளி திறந்ததும், ஆண்டுதோறும் நடக்கும் கண் பரிசோதனை நடந்தது. யாருடைய கண் அதிகம் பாதிக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

இரண்டரை மணி நேரம் பார்த்தவர்களுடைய கண் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். ஆனால் முடிவு நேர்மாறாக இருந்தது. 2015 முதல் 2019 வரை, ஆறு வயதுப் பிள்ளைகளில் கிட்டப்பார்வை உள்ளவர்கள் எந்த ஆண்டிலும் 5.7 விழுக்காட்டைத் தாண்டியதில்லை. 2020இல் அது 21.5 விழுக்காடு. ஏழு வயதில் 16.2 விழுக்காடு 26.2 ஆனது, எட்டு வயதில் 27.7 விழுக்காடு 37.2 ஆனது. ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பெரிய மாற்றம் தெரியவில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடாமல் செய்த பரிசோதனை அது. ஆகவே தசை இறுக்கத்தால் வந்த தற்காலிகக் கிட்டப்பார்வையும் ஓரளவு கணக்கில் சேர்ந்திருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், மூன்று மடங்குக்கும் அதிகமான உயர்வைத் தசை இறுக்கத்தின் மேல் மட்டும் போட்டுவிட முடியாது.

குறைவான நேரம் திரை பார்த்த சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் அதிகப் பாதிப்பு? விடை கண்ணின் வளர்ச்சியில் இருக்கிறது.

பிறந்த குழந்தையின் விழிக்கோளம் முன்னிருந்து பின்வரை ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம். பெரியவர்களுக்கு அது 24 மில்லிமீட்டர். முதல் சில ஆண்டுகளில் வேகமாக வளர்ந்துவிட்டு, தொடக்கப்பள்ளி வயதில் கண் மெதுவாகக் கடைசிச் சரிக்கட்டலைச் செய்கிறது. விழிவில்லை குவிக்கும் ஒளி சரியாக விழித்திரையில் விழும் நீளத்தில் அது நின்றுவிட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் போதும், சுமார் 2.5 டயாப்டர் கிட்டப்பார்வை வந்துவிடும். நீண்ட கண் மறுபடி சுருங்காது. மூக்குக்கண்ணாடி பார்வையைத்தான் திருத்தும், நீளத்தைத் திருத்தாது.

எங்கே நிற்க வேண்டும் என்று கண்ணுக்கு எப்படித் தெரிகிறது? இதற்குத் துப்புக் கொடுத்தவை கோழிக்குஞ்சுகள். 1970களின் இறுதியில் ஆய்வாளர்கள், குஞ்சின் ஒரு கண்ணை மட்டும் மங்கலான மூடியால் மறைத்தார்கள். சில வாரங்களில் அந்தக் கண் மட்டும் நீண்டுபோனது. மற்றது ஒழுங்காக வளர்ந்தது. பின்னர் வில்லைகளை மாட்டிப் பார்த்தபோது, உருவம் விழித்திரைக்குப் பின்னால் விழுமாறு செய்தால், அதை எட்டிப்பிடிக்கக் கண் நீள்வது தெரிந்தது. ஆக, கண் தான் பார்க்கும் உருவத்தை வைத்தே வளர்ச்சியை முடிவுசெய்கிறது.

இப்போது வகுப்பறைக்கு வருவோம். ஒரு பொருளைத் தெளிவாகப் பார்க்கக் கண் எவ்வளவு கூடுதலாகக் குவிக்க வேண்டும் என்பதைக் கணக்கிடுவது எளிது. 1ஐ மீட்டர் கணக்கிலான தூரத்தால் வகுத்தால் டயாப்டர் கிடைக்கும். சுவரில் உள்ள பெரிய திரை 4 மீட்டர் தள்ளி இருந்தால் 0.25 டயாப்டர். மேசைமேல் 25 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் ஐபேட்டுக்கு 4 டயாப்டர். இரண்டுமே ‘திரை நேரம்’தான், கண்ணின் உழைப்போ பதினாறு மடங்கு வேறுபடுகிறது. இவ்வளவு அருகில் பார்க்கும்போது குவியம் சற்றுப் பின்தங்கி விழித்திரைக்குப் பின்னால் விழக்கூடும் என்றும், வளரும் கண் அதை ‘இன்னும் நீளு’ என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

இந்தக் கணக்கு புத்தகத்துக்கும் பொருந்தும். சுவீடன் 2023இல் வகுப்பறைகளுக்கு அச்சுப் புத்தகங்களைத் திரும்பக் கொண்டுவரப் பணம் ஒதுக்கியது. வாசிப்புத் திறன் குறைவதே அதற்கு முக்கியக் காரணம். கண்ணைப் பொறுத்தவரை, 25 சென்டிமீட்டரில் பிடித்த புத்தகமும் 4 டயாப்டர்தான். ஆனால் புத்தகத்தில் பக்கம் முடியும், தலை நிமிரும். திரையில் அடுத்த கேள்வி தானாக வந்து நிற்கும்.

தூரத்தைவிட வலுவான சான்று இன்னொன்றுக்கு உண்டு. அது வெளிச்சம். வகுப்பறை மேசையில் சுமார் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். மேகமூட்டமான பகலில் திடலில் 10,000 லக்ஸ். நல்ல வெயிலில் ஒரு லட்சம்வரை போகும். பிரகாசமான ஒளியில் விழித்திரை டோபமைன் என்ற வேதிப்பொருளை அதிகம் சுரக்கிறது. விலங்குச் சோதனைகளில் அது கண் நீள்வதைத் தடுப்பதாகத் தெரிகிறது. ஃபெய்ச்செங் பிள்ளைகள் அந்த மாதங்களில் திரையைச் சேர்த்துக்கொண்டதோடு, வெளிச்சத்தையும் இழந்தார்கள். ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

வெளியே இருக்கும் நேரத்தின் பங்கைச் சோதித்தது குவாங்சோ நகரம். 2010இல் 12 தொடக்கப்பள்ளிகளில் ஆறைத் தேர்ந்து, தொடக்கநிலை 1 மாணவர்களுக்கு ஒவ்வொரு பள்ளி நாளும் 40 நிமிட வெளிப்புற நேரத்தைக் கூட்டினார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 விழுக்காட்டினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே போனவர்களில் 30.4 விழுக்காடு. தைவானும் 2010 முதல் நாளுக்கு 120 நிமிடம் வெளியே இருக்கச் சொன்னது. அங்கே ஆண்டுதோறும் ஏறிவந்த பார்வைக்குறைவு 2011இல் 50 விழுக்காட்டைத் தொட்டபின் திரும்பியது; 2015இல் 46.1 விழுக்காடு. ஒன்பது புள்ளி, நான்கு புள்ளி என்பது சின்னதாகத் தோன்றலாம். சீக்கிரம் தொடங்கும் கிட்டப்பார்வையே பிற்காலத்தில் கடுமையானதாக முற்றுகிறது. கடுமையான கிட்டப்பார்வை விழித்திரை விலகும் ஆபத்தைக் கூட்டுகிறது. சில ஆண்டுகள் தள்ளிப்போடுவதும் லாபம்தான்.

சிங்கப்பூரில் 2025இல் வந்த வழிகாட்டி, 7 முதல் 12 வயதினர் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே திரை பார்க்க வேண்டும் என்கிறது. பள்ளிப்பாடத்துக்கான நேரம் இதில் சேராது. கவனச் சிதறல், தூக்கம் போன்றவற்றை யோசித்தால் அந்த விதிவிலக்கு நியாயம். விழிவில்லைக்கு மட்டும் அந்தப் பாகுபாடு தெரியாது. கணக்குப் பாடமானாலும் காணொளி விளையாட்டானாலும் 25 சென்டிமீட்டர் 25 சென்டிமீட்டர்தான். என் பார்வையில், தொடக்கப்பள்ளிக் கால அட்டவணையில் மணி நேரத்தோடு தூரத்தையும் எழுத வேண்டும். எல்லாரும் சேர்ந்து பார்க்கும் பாடம் சுவர்த்திரையில் இருக்கட்டும். ஐபேட் பாடத்துக்கு அடுத்து ஓய்வு நேரமோ உடற்கல்வியோ வந்தால் நல்லது. நீலஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கித் தந்துவிட்டால் போதும் என்று நினைக்கும் பெற்றோரும் உண்டு. அது கிட்டப்பார்வையைத் தடுப்பதற்குச் சான்று இல்லை.

இந்த வாரம் ஒரு சோதனை. வீட்டில் தொடக்கப்பள்ளியில் படிக்கும் தம்பியோ தங்கையோ இருந்தால், ஐபேட்டில் வீட்டுப்பாடம் தொடங்கும்போது கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து குறியுங்கள். பத்து நிமிடம் கழித்து, சொல்லாமல் மறுபடி அளந்து பாருங்கள். இரண்டையும் டயாப்டராக மாற்றுங்கள். பிறகு அதே பிள்ளை புத்தகம் வாசிக்கும்போதும் இதையே செய்து, நான்கு எண்களையும் ஒரு கட்டத்தில் எழுதி வகுப்பு நண்பர்களின் எண்களோடு ஒப்பிடுங்கள்.