வாசல் இறங்குகிறதா? சிமெண்டு கொட்டும் முன்

கிள்ளானில் பண்டமாரான் பக்கத்துத் தாமான்களில் பழைய தரை வீடுகளைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். முன்கதவுக்கு ஒரு படி இருந்த இடத்தில் இப்போது இரண்டு படி இருக்கும். வீடு உயரவில்லை, கார் நிறுத்தும் போர்ச்தான் இறங்கியிருக்கிறது. சுவரோரம் விரல் நுழையும் இடைவெளி விழுந்திருக்கும். மழைத் தண்ணீர் லோங்காங்குக்குப் போகாமல் கதவை நோக்கி வரும். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது கான்டிராக்டரைக் கூப்பிடுவோம். அவர் பழைய தரையின்மேல் ஆறு அங்குலம் கான்கிரீட் போட்டு, புது டைல் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். கோலம் போட வாசல் பளபளவென்று இருக்கும். சில ஆண்டுகளில் அதே இடைவெளி அதே இடத்தில் திரும்ப வரும்.

என் அம்மா வீட்டில் இப்படி இரண்டு முறை செய்தார்கள். மூன்றாவது முறை உடைத்துப் பார்த்தபோது ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று தரைகள் இருந்தன. அடியில் கிடந்த தரைக்குக் கீழே, கையை நீட்டினால் முழங்கை வரை உள்ளே போகிற அளவுக்கு வெற்றிடம்.

காரணம் மண்தான். கிள்ளானிலிருந்து துறைமுகம் வரை பரவியிருப்பது கடல் படிய வைத்த சாம்பல் நிறக் களிமண். மேலே ஒன்றிரண்டு மீட்டர் ஓரளவு இறுகியிருக்கும். அதற்குக் கீழே இருபது முப்பது மீட்டர் ஆழம்கூட நீர் நிறைந்த மென்களி. ஈரத்துணியை மடித்து அதன்மேல் அம்மிக்கல்லை வைத்தால் தண்ணீர் கசியக் கசியத் துணி தாழும் அல்லவா, அந்த மாதிரிதான் இந்த மண்ணும். துணி சில நிமிடத்தில் அடங்கிவிடும், களிமண்ணுக்கோ பல ஆண்டுகள் வேண்டும். ஆனால் வேகம் மெல்லக் குறைந்துகொண்டே வரும். மேலே புதுச் சுமை ஏற்றினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அந்த ஆறு அங்குலக் கான்கிரீட்டின் எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபதுக்கு இருபது அடி போர்ச் என்றால் ஏறக்குறைய 13 டன் வரும். ஒரு மைவி காரின் எடை சுமார் ஒரு டன். பதின்மூன்று மைவி கார்களை வாசலில் அடுக்கி, ஒன்றையும் எடுக்காமல் விட்டால் எப்படியோ அப்படித்தான் இதுவும். 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீருக்குப் பயந்து தரையை உயர்த்த நினைப்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த மண்ணில் கல்லும் மண்ணும் கொட்டி உயர்த்துகிற வாசல், உயர்த்திய நாளிலிருந்தே இறங்கத் தொடங்குகிறது.

அதனால் முதலில் எது இறங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். தாமான் வீடுகளில் பெரும்பாலும் வீட்டின் சுமையைத் தாங்குவது மண்ணுக்குள் இறக்கிய பைலிங். போர்ச் தரை மட்டும் நேராக மண்மேல் கிடக்கும். தரை மட்டும் தாழ்ந்தால் தொல்லை உண்டு, ஆபத்து பெரிதாக இல்லை. தூண் தாழ்ந்தால் கதையே வேறு. போர்ச்சின் உத்தரம் ஒரு முனையில் வீட்டுச் சுவரையும் மறுமுனையில் தூணையும் பிடித்திருக்கிறது. வீடு நிற்கத் தூண் மட்டும் இறங்கினால் உத்தரம் சுவரோடு சேரும் இடத்தில் கிழியும். அங்கே விரிசல் அகன்றுகொண்டே போனாலோ, கான்கிரீட் உதிர்ந்து துருக்கம்பி தெரிந்தாலோ, தூண் சாய்ந்தாலோ, இன்றே காரை வெளியே எடுங்கள். பிள்ளைகளை அடியில் விளையாட விடாதீர்கள். முட்டுக்கொடுக்கக்கூட அனுபவமுள்ள ஆள் வேண்டும். அதுவரை தூணுக்குப் பக்கத்தில் யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது.

(அவசரகாலத்தில் எழுந்த புதுக்கிராமத்துப் பலகை வீடுகளில் வீடே ஆழமில்லாத அடித்தளத்தில் நிற்கும். அங்கே வீடும் வாசலும் சேர்ந்தே தாழும். அதற்கு வேறு வைத்தியம்.)

அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, வீட்டுச் சுவரில் ஓர் இடத்தில் கோடு போடுங்கள். அதே மட்டத்தை ஒவ்வொரு தூணிலும் குறித்து, அந்தக் கோடுகளிலிருந்து தரையின் நான்கு மூலைகளுக்கும் அளவெடுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை குழாயை எடுத்துப் பழைய கோடுகள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆறு மாதம் போதும், ஆண்டுக் கடைசி மழையும் அதில் வந்தால் நல்லது. தூணில் போட்ட கோடு சுவர்க் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் இறங்குவது தூண்.

இடையில் தண்ணீரையும் பாருங்கள். வீட்டுக் குழாய்களையெல்லாம் மூடிவிட்டு மீட்டரைக் கவனியுங்கள். முள் நகர்ந்தால் எங்கோ கசிகிறது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் போர்ச் ஓரத்தில் மண்ணுக்குள்ளேயே முடிந்துவிடுகிறதா? லோங்காங் சுவர் வெடித்து, அதன் வழியே தரைக்கு அடியிலுள்ள மணல் அரித்துப் போகிறதா? பழைய வீடுகளில் மலத்தொட்டி சில சமயம் முன்பக்கமே இருக்கும். தரை இறங்கும்போது அதற்குப் போகும் குழாய் முறிந்துவிடும். நாற்றமும் திடீரென்று பெருகும் கரப்பான்பூச்சியும் அதன் அடையாளம். இவற்றைச் சரிசெய்யாமல் போடும் எந்தத் தரையும் வீண்செலவு.

தரை மட்டும்தான் பிரச்சினை என்றால் என் யோசனை இதுதான். பழைய அடுக்குகள் எல்லாவற்றையும் உடைத்து வெளியேற்றுங்கள். அந்த எடை போவதே பாதிச் சிகிச்சை. அரித்த இடங்களை நிரப்பி இறுக்கி, மணல் பரப்பி, இன்டர்லாக்கிங் கல் பதியுங்கள். கான்கிரீட் போலப் பளபளப்பு இருக்காது. ஆனால் மீண்டும் தாழ்ந்தால் அந்த இடத்துக் கற்களை மட்டும் பெயர்த்து, மட்டம் பார்த்து, அதே கற்களை வைத்துவிடலாம். கான்கிரீட்தான் வேண்டும் என்றால் பிஆர்சி கம்பி வலை வைத்து மெல்லிய தரையாகப் போடுங்கள். டைல்மேல் டைல் வேண்டவே வேண்டாம்.

ஃபோம் ஊசிபோட்டுத் தரையைத் தூக்கும் முறை வெற்றிடத்தை நிரப்ப நல்லது, எடையும் குறைவு. ஆனால் ஆழத்துக் களிமண் அமுங்குவதை அது நிறுத்தாது. அப்படி நிறுத்தும் என்று உறுதி கொடுப்பவரை நம்பாதீர்கள். பாக்காவ் என்ற கண்டல் மரக் கட்டை அடிக்கலாம் என்பார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே கண்டல் மரம் நெடுநாள் கெடாது என்பது உண்மை. ஆனால் அந்தக் கட்டையின் நீளம் சில மீட்டர்தான். இருபது மீட்டர்ச் சேற்றில் அது தொங்கிக்கொண்டுதான் நிற்கும். மண்ணோடு சேர்ந்து மெல்ல அதுவும் இறங்கும். எடையைக் குறைக்கப் பாலிஸ்டைரின் கட்டிகளைத் தரைக்கடியில் வைப்பதும் உண்டு. கடல் பெருக்கின்போது நிலத்தடி நீர் ஏறினால் அவை மிதக்கப் பார்க்கும். கணக்குப் போடாமல் வைக்கக் கூடாது.

தூண் இறங்கியிருந்தால் வேலை கான்டிராக்டருடையது அல்ல. மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவுபெற்ற பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் முட்டுக்கொடுத்து, ஒவ்வொரு தூணாக மைக்ரோபைல் இறக்குவார்கள். கூரையை மாற்றுவதற்கும் தூண்களைத் தொடுவதற்கும் 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி ஊராட்சி மன்ற அனுமதி வேண்டும். நமக்கு அது 2024 பிப்ரவரியில் மாநகர் தகுதி பெற்ற கிள்ளான் அரச மாநகர் மன்றம். வரிசை வீட்டில் பெரும்பாலும் தூணோ சுவரோ பக்கத்து வீட்டாருக்கும் பொது. சுத்தியல் விழும் முன் அவர்களிடம் போய்ப் பேசிவிடுங்கள்.

கான்டிராக்டர் சிஐடிபி பதிவு உள்ளவரா என்று கேளுங்கள். எத்தனை அங்குலம், என்ன கம்பி, உடைத்த கல்லை யார் அள்ளுவது என்பதை எழுதி வாங்கி, வேலை நகர நகரப் பணம் கொடுங்கள். ஏமாற்றப்பட்டால் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். எழுத்தும் படமும் இல்லாமல் அங்கே போனால் கை வெறுங்கைதான்.

வேலை முடியும் நாளில் கட்டாயம் பக்கத்தில் இருங்கள். புதுத் தரைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி விடச் சொல்லியிருப்பீர்கள். பார்க்க அழகாக இல்லையென்று அதைச் சிமெண்டால் பூசிவிட மேஸ்திரியின் கை துடிக்கும். பூச விடாதீர்கள். ரப்பர் போன்ற சீலண்ட் மட்டும் அடைக்கட்டும். தரை இனி கொஞ்சம் இறங்கினாலும் அந்த இடைவெளி இருந்தால் சுவரை இழுக்காமல் தனியாக இறங்கும்.