வாக்குப்பெட்டியா, வாய்ப்பூட்டா? – 1963 விவாதம் ஒன்பதாம் வகுப்பில்

ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் தேர்தல் பாடத்தைத் தொடங்கும் முன், வகுப்புத் தலைவர் தேர்தலை முறையாக நடத்திவிடுவது என் வழக்கம். வேட்புமனு, பிரசாரம், சீட்டு, பெட்டி, எண்ணிக்கை என எல்லாம் உண்டு. சென்ற ஆண்டு பிரசார நாளில் சிக்கல் வந்தது. போட்டியிட்ட மாணவி ஒருத்தி, "பஸ்ஸில் வருகிற நாங்கள் தனிக் குழு. எங்களுக்குத் தனித் தலைவர் வேண்டும்" என்று பேசினாள். பேருந்து தாமதமானாலும் பெயர் 'லேட்' பட்டியலில் ஏறிவிடுகிறது என்பது அவர்களின் நெடுநாள் மனக்குறை.

உடனே எதிர்ப்புக் கிளம்பியது. "சார், வகுப்பையே ரெண்டாப் பிரிக்கணும்னு சொல்றவ எப்படி சார் தலைவரா நிக்கலாம்? பேரை அடிச்சிடுங்க!"

உண்மையைச் சொன்னால், பெயரை அடித்துவிட என் கையும் பேனாவை எடுத்தது. அப்போதுதான் இதே கேள்வி நம் நாடாளுமன்றத்தில் எழுந்தது நினைவுக்கு வந்தது. தேர்தலை ஒரு வாரம் தள்ளிவைத்தேன். அந்த ஒரு வாரப் பாடத்தைத்தான் இங்கே பகிர்கிறேன்.

பாடத்தின் பின்னணி

1962 பொதுத்தேர்தலில் அறிஞர் அண்ணா காஞ்சிபுரம் தொகுதியில் தோற்றார். ஆனால் அவருடைய கட்சி சட்டமன்றத்தில் 50 இடங்களைப் பெற்றது. சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்குகளால் அவர் அதே ஆண்டு மாநிலங்களவைக்குச் சென்றார். நேரடித் தேர்தல், மறைமுகத் தேர்தல் ஆகிய இரண்டையும் ஒரே மனிதரின் ஓராண்டு வாழ்க்கையைக் கொண்டு விளக்கிவிடலாம். மாணவர்கள் இதை மறப்பதில்லை.

அப்போது தி.மு.க. 'திராவிட நாடு' கேட்டுக்கொண்டிருந்தது. 1962 அக்டோபரில் சீனப் படையெடுப்பு நிகழ்ந்ததும், அண்ணா பிரிவினைப் பிரசாரத்தை நிறுத்திவைத்து, நாட்டின் பாதுகாப்பு முயற்சிக்கு ஆதரவு தந்தார். இதற்கிடையில், சர் சி.பி. இராமசாமி ஐயர் தலைமையிலான தேசிய ஒருமைப்பாட்டுக் குழு, பிரிவினை கோருவோர் தேர்தலில் நிற்பதைத் தடுக்கும் வகையில் அரசமைப்பைத் திருத்தப் பரிந்துரைத்தது. 1963 ஜனவரியில் பதினாறாவது திருத்த மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது.

மசோதாவில் இரண்டு கூறுகள் முக்கியம். முதலாவது, சட்டப்பிரிவு 19 தரும் பேச்சு, கூட்டம், சங்கம் ஆகிய உரிமைகளுக்கு, 'இந்தியாவின் இறையாண்மை மற்றும் ஒருமைப்பாடு' கருதி நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம். இரண்டாவது, தேர்தலில் நிற்கும் ஒவ்வொருவரும் அந்த இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். ஒன்று பொது அமைதியைப் பற்றியது. மற்றது வாக்குரிமையின் மறுபக்கமான, போட்டியிடும் உரிமையைப் பற்றியது.

அண்ணா வைத்த வாதம்

மாநிலங்களவையில் மசோதாவை எதிர்த்து அண்ணா ஆங்கிலத்தில் ஆற்றிய உரையின் சாரத்தை மாணவர்களுக்கு மூன்று கேள்விகளாகச் சொன்னேன்.

ஒன்று, ஏன் இப்போது? கோரிக்கையைத் தாங்களே நிறுத்திவைத்து, நாட்டோடு நிற்கும் வேளையில் இச்சட்டம் எதற்கு?

இரண்டு, இறையாண்மை யாரிடம் இருக்கிறது? முகவுரையின்படி அது மக்களிடம் இருக்கிறது. சட்டப்படியான அதிகாரமோ ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் பங்கிடப்பட்டிருக்கிறது. அப்படியிருக்க, மக்களிடம் போய் ஒரு கருத்தைச் சொல்வது எப்படி இறையாண்மைக்கு எதிராகும்?

மூன்று, கருத்தை எதனால் வெல்வது? அந்தக் கோரிக்கை ஏன் எழுந்தது என்று ஆராய்ந்து, பேசி, மக்கள் மனத்தை மாற்றுவதா, வாய்ப்பூட்டுப் போடுவதா?

அரசுத் தரப்பின் வாதத்தையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும். நாடு பிரிவினையின் ரத்தத்தைப் பார்த்துப் பதினாறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. எல்லையில் போர் நடந்து முடிந்திருந்தது. அரசமைப்பின்கீழ் பதவிக்கு வர விரும்புபவர் அந்த நாட்டின் ஒருமைப்பாட்டை ஏற்க வேண்டும் என்று கேட்பது தவறா? இந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது பிரசாரமாகிவிடும், பாடமாகாது.

கட்டுப்பாடு என்றால் என்ன?

'நியாயமான கட்டுப்பாடு' என்ற தொடர் மாணவர்களுக்கு எளிதில் பிடிபடாது. எங்கள் ஊர் சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றின் குறுக்கே அணைக்கட்டு இருக்கிறது. "ஷட்டர் எதற்கு?" என்று கேட்டேன். "வெள்ளம் வந்தா ஊர் முழுகாம இருக்கவும், வாய்க்காலுக்குத் தண்ணி ஏறவும்" என்றான் ஒருவன். "எப்போதும் மூடியே வைத்தால்?" "வயல் காஞ்சிடும் சார்." இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

'பொது ஒழுங்கு' என்ற சொல் அரசமைப்பில் பேச்சுரிமைக்கு வரம்பாகச் சேர்ந்த கதையும் நம் மாநிலத்தோடு தொடர்புடையது. 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வருவதை, 1949ஆம் ஆண்டின் சென்னைப் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் அரசு தடுத்தது. ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950இல் அத்தடையை நீக்கியது. அதன்பின் 1951இல் வந்த முதலாவது திருத்தம்தான் 'பொது ஒழுங்கு' என்ற காரணத்தையும், கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் 19(2)இல் சேர்த்தது.

விவாதத்துக்குப் பிறகு

அண்ணாவின் எதிர்ப்பையும் மீறி மசோதா நிறைவேறி, 1963 அக்டோபர் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்தபின் தி.மு.க. தன் கொள்கை விதியைத் திருத்தி, பிரிவினையைக் கைவிட்டு, மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் கேட்கும் பாதைக்கு வந்தது. 1967 தேர்தலில் அக்கட்சியின் வேட்பாளர்கள் அதே உறுதிமொழியை எடுத்துப் போட்டியிட்டு வென்றார்கள், அண்ணா முதலமைச்சரானார். இன்றும் வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் எடுக்கும் உறுதிமொழி 1963இல் வந்ததே.

அவையில் முழு மூச்சாக எதிர்ப்பது, நிறைவேறியபின் சட்டத்துக்குக் கட்டுப்படுவது, மீண்டும் மக்களிடமே செல்வது. நாடாளுமன்ற முறை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

வகுப்பறைச் செயல்பாடு (இரண்டு பாடவேளை)

முதல் பாடவேளையில் வகுப்பை இரு அணியாக்கி, ஓர் அணி மசோதாவை ஆதரித்தும் மற்றது எதிர்த்தும் பேசட்டும். சபாநாயகராக ஒரு மாணவர் இருக்கட்டும். ஒருவருக்கு இரண்டு நிமிடம். இரண்டாம் பாடவேளையில் அணிகளை மாற்றிவிடுங்கள். நேற்று எதிர்த்தவர் இன்று ஆதரிக்க வேண்டும். முதலில் முணுமுணுப்பார்கள், பிறகுதான் எதிரணியின் வாதத்தை உண்மையில் காது கொடுத்துக் கேட்பார்கள். முடிவில் இரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. மாநிலங்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பவர் யார்?
2. 1951, 1963 திருத்தங்கள் 19(2)இல் சேர்த்த சொற்கள் எவை?
3. பிடிக்காத கருத்தைப் பேசுவதும் வன்முறையைத் தூண்டுவதும் எவ்வாறு வேறுபடுகின்றன? உன் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

மூன்றாவது வினாவுக்கு ஒரே விடை கிடையாது. மாணவர் தரும் காரணத்துக்கே மதிப்பெண்.

ஒரு வாரம் கழித்து எங்கள் வகுப்புத் தேர்தல் நடந்தது. அந்த மாணவியின் பெயர் சீட்டில் இருந்தது. அவள் தோற்றாள், ஆனால் நான் எதிர்பார்த்ததைவிட அதிக வாக்குகள் பெற்றாள். வென்ற மாணவன் அந்த எண்ணிக்கையைக் கவனித்திருக்கிறான். மறுநாள் என்னிடம் வந்து, "சார், பஸ் லேட்டா வந்தா அவங்க பேரை எழுத வேணாம்னு வச்சுக்கலாமா?" என்று கேட்டான். அதன்பின் தனிக் குழு என்ற பேச்சு எழவேயில்லை.

அன்று நான் பேரை அடித்திருந்தால் வகுப்பு அமைதியாகத்தான் இருந்திருக்கும். குறை மட்டும் அப்படியே இருந்திருக்கும். நம் மாணவர்கள் இன்னும் நான்கைந்து ஆண்டுகளில், பதினெட்டு வயதில், வாக்குச்சாவடிக்குப் போகப் போகிறவர்கள். அமைதிக்கும் அடக்கிவைத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை அதற்குள் அவர்கள் நம் வகுப்பறையில் கண்டுகொள்ள வேண்டும்.