ஊர் சொல்லாத நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதிய ஆல்பம் செயலியைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டு, அதன் நிரலையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு இரண்டு இரவு கண்விழித்து வாசித்தேன். இருபதாயிரம் படங்களை விரலால் தள்ளும்போதும் ஓரிடத்தில்கூடத் தடுமாறாமல் ஆற்றொழுக்காக அவை நகர்கின்றனவே, அந்த லாகவத்துக்கு ஈடாக ஒன்றை இத்தொழிலில் முப்பது வருஷமாக நான் கண்டதில்லை.

ஆனால் காலத்தை நீ கையாண்டிருக்கும் விதம் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் தங்கை மகளின் கல்யாணப் படங்களை அதில் திறந்தேன். முகூர்த்தம் விடியற்காலை 4.50. மாங்கல்யதாரணப் புகைப்படம் அந்த நேரத்தில் சரியாக நிற்கிறது. அடுத்த நிமிஷமே அதே கைபேசியில் எடுத்த வீடியோவோ முதல் நாள் இரவு 11.21க்குப் போய், வரவேற்பு முடிந்து கைகழுவுகிறவர்களின் படங்களுக்கு நடுவே கிடக்கிறது.

காரணம் நீ அறியாததல்ல. புகைப்படத்தின் எக்ஸிஃப் குறிப்பு, எடுத்த இடத்துக் கடிகாரம் காட்டிய நேரத்தை மட்டுமே சொல்லும். அது உலகப் பொது நேரமான யூடிசியிலிருந்து எவ்வளவு தள்ளிய கடிகாரம் என்று எழுத அந்த விதிமுறையில் இடம் கிடைத்ததே 2016இல்தான். வீடியோக் கோப்பின் தலைப்போ, 1904 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளை யூடிசிக் கணக்கில் எண்ணுகிறது. வெவ்வேறு பாஷை பேசும் இவ்விரண்டையும் நீ ஒரே வரிசையில் கோத்துவிட்டாய். ஐந்தரை மணி கூட்டினால் தீர்ந்தது என்றும் எண்ணிவிடாதே. யூடிசி இருக்கவேண்டிய இடத்தில் உள்ளூர் நேரத்தையே எழுதிவிடும் காமிராக்களும் உண்டு.

இவ்விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம்: ஊரோடு சேராத நேரம் நேரமே அல்ல. ஜாதகம் கணிக்க உட்காருகிற ஜோசியர், ஜனன காலத்தைக் கேட்ட கையோடு ஜனன ஊரையும் கேட்காமல் லக்னத்தைத் தொடுவதில்லை. 1906க்கு முன் புழங்கிய சென்னை நேரம் இன்றைய இந்திய நேரத்துக்கு ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் பிந்தியது என்பதைப் பழைய ஜாதகங்களைப் பார்க்கிறவர்கள் நன்கு அறிவார்கள். அவர்களுக்கிருந்த அந்த சிரத்தை நம்முடைய நிரலில் ஏன் இருக்கக் கூடாது?

மற்றொரு குற்றம் இதனினும் கொடிது. எக்ஸிஃப் இல்லாத படத்துக்கு, கோப்பு கடைசியாக மாறிய தேதியையே எடுத்த தேதியாக, ஒரு வார்த்தையும் சொல்லாமல் நீ வைத்துவிடுகிறாய். என் தகப்பனார் காலமான பதினாறாம் நாள், காரியம் முடிந்த மாலையில், அவருடைய கைபேசியிலிருந்த படங்களை என்னுடையதற்கு மாற்றினேன். என் கைபேசியில் அன்றிருந்த செயலியும் இதையேதான் செய்தது. ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அவர் படத்தின் கீழே, அவருக்கு நாங்கள் பிண்டம் வைத்த நாளின் தேதி நின்றது. அம்மா அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

ஆகையால் தம்பி, ஒவ்வொரு படத்துக்கும் நேரத்தோடு அந்த இடத்து நேர வித்தியாசத்தையும், அவற்றைச் சொன்ன சாட்சி எக்ஸிஃபா, வீடியோத் தலைப்பா, வெறும் கோப்புத் தேதியா என்பதையும் சேர்த்தே சேமித்து வை. தக்க சாட்சி இல்லாதபோது, "எடுத்த தேதி தெரியவில்லை" என்று எழுதி, பார்க்கிறவர்கள் தாமே நிரப்ப ஓர் இடம் விடு. அன்று அந்த இடம் காலியாக இருந்திருந்தால், "இது போன தீபாவளிக்கு எடுத்ததுடா" என்று அம்மாவே சொல்லியிருப்பாள்.

உன் நலம் நாடும்,
மூத்த தொழிலாளி ஒருவன்