காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவினரும் அவர் பயின்ற இசைப் பள்ளிகளும்

இசைவாணர் ஒருவரைப் பற்றி அறிய விழைவோர் முதற்கண் வினவுவது, “இவர் யாரிடம் பயின்றார்?” என்பதே. ஆசிரியர் பெயரும் மரபின் பெயரும் கூறப்படுமாயின் கேட்போர் மனநிறைவு எய்துவர். கூறப்படாவிடின், ‘முறையான பயிற்சி இல்லாதவர்’ என்று அவரை ஒதுக்கிவிடுவர். இவ்வழக்கம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதைச் சென்னையிலே தோன்றிய இசைக்குழு ஒன்றின் உறுப்பினரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அதற்கு முன்னர், அமெரிக்க நாட்டில் ‘புளூஸ்’ எனப் பெயர்பெற்ற பாட்டு வகையைச் சிறிது நோக்குதல் வேண்டும். அந்நாட்டில் அடிமை முறை 1865-இல் சட்டத்தால் ஒழிந்தது. எனினும் விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் அவர்தம் மக்களும் தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளிலேயே வறுமையோடு உழன்றனர். அவர்கள் வயலிற் கூவிய கூவலும், கோயிலிற் பாடிய பாடலும், துயரத்தில் முனகிய முனகலும் ஒன்றுகூடிப் புளூஸ் ஆயின. பன்னிரண்டு தாள அளவைகளில் மூன்றடிகள் அமைவதும், முதலடியே மீண்டும் ஒருமுறை வந்து மூன்றாமடி அதற்கு விடையாக நிற்பதும் இதன் பெருவழக்கான யாப்பாகும். பருத்தி நூலாகிப் பனியனாகும் திருப்பூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு, பருத்தி விளைந்த மண்ணிற் பிறந்த இப்பாட்டு முற்றிலும் அயலதன்று.

டபிள்யூ. சி. ஹாண்டி என்பார் 1903-ஆம் ஆண்டளவில் மிசிசிப்பி மாநிலத்து டட்வைலர் என்னும் ஊரின் புகைவண்டி நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தார். அப்போது கந்தலாடை உடுத்த ஒருவர் கிட்டார் நரம்புகளின்மீது கத்தியை அழுத்தி இழைத்துப் பாடக் கேட்டார். பின்னர் 1912-இல் ‘மெம்பிஸ் புளூஸ்’ என்னும் இசைப்படைப்பை ஹாண்டி அச்சிட்டு வெளியிட்டார். ‘புளூஸின் தந்தை’ எனவும் புகழ்பெற்றார். இவர் ஒரு போதகரின் மகனார் என்பது பலரும் அறிந்ததே. ஆனால் புகைவண்டி நிலையத்திற் பாடிய அம்மனிதரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் யாரிடம் பயின்றார் என்று எவரும் வினவவுமில்லை. எழுதி வைத்தவர் பெயர் நின்றது. பாடியவர் பெயர் மறைந்தது.

இனித் தமிழகத்திற்கு வருவோம். புளூஸுக்கு நெருங்கிய உறவினதாகச் சென்னையில் வழங்குவது கானாப் பாட்டு. இது வடசென்னை முதலிய பகுதிகளில் உழைக்கும் மக்கள், சிறப்பாகத் தலித் மக்கள், வாழும் தெருக்களிற் பிறந்தது. இதன் ஒரு பிரிவு ‘மரண கானா’ எனப்படும். ஒருவர் இறந்த இரவில், அவரது வாழ்வையும் பண்பையும் பிரிவின் துயரையும் வைத்துப் பாடகர் விடியுமளவும் பாடுவர். எழுதி வைத்த ஏடில்லை. கேட்போரின் அழுகையையும் பெருமூச்சையும் பார்த்து அவ்வப்போதே அடிகளைக் கட்டுதல் வேண்டும். ஒரு வீட்டிற் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒருங்கே ஒலித்த உலகத்து இயல்பைப் பக்குடுக்கை நன்கணியார் புறநானூற்றிற் பாடினார். அச்சாப்பறையின் அருகிருந்து எழும் பாட்டே மரண கானா எனலாம்.

இக்கானாவை நடுவாகக் கொண்டு எழுந்ததே ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் 2017-இல் இதனைத் தோற்றுவித்தனர். அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) வற்புறுத்திய ‘சாதியற்ற தமிழர்’ என்னும் கருத்தினின்றே பெயர் அமைந்தது. 2018-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், சென்னை கீழ்ப்பாக்கத்துச் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளித் திடலில், பத்தொன்பதின்மர் கொண்ட இக்குழு முதன்முதல் அரங்கேறியது. ‘மகிழ்ச்சி’ என்னும் இசைத்தொகுப்பும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

குழுவினரை அவர் வந்த வழிகொண்டு நான்கு வகையாகப் பகுக்கலாம்.

முதல் வகையினர் கானாப் பாடகர். முத்து, பாலச்சந்தர், இசைவாணி முதலியோர் இவ்வகையினர். இவருள் இசைவாணி இராயபுரத்தைச் சேர்ந்தவர். தந்தையாரும் இசைக்கலைஞராதலின், சிறு பருவந்தொட்டே மேடையேறிப் பாடும் வாய்ப்பு இவருக்குக் கிட்டியது. கானா நெடுங்காலமாக ஆடவர் வழங்கிய பாட்டு. அதிற் பெண்குரல் அரிது. அவ்வரிய இடத்தைத் தமதாக்கிக்கொண்ட இசைவாணியின் பெயர், பி.பி.சி. நிறுவனம் 2020-இல் வெளியிட்ட உலகப் பெண்டிர் நூற்றுவர் பட்டியலில் இடம்பெற்றது.

இரண்டாம் வகையினர் தோற்கருவியாளர். பறை, தவில் ஆகியவற்றிற்கு நந்தன், கட்ட மோளத்திற்குக் கௌதம், சட்டிக்குச் சரத், டோலக்கிற்குத் தரணி என இவர்கள் அமைந்தனர். சட்டியும் கட்ட மோளமும் சென்னையில் இறுதி ஊர்வலங்களில் முழங்கும் கருவிகள். ஊர்வலத்தில் அடிப்பவர்க்குத் தெருவின் திருப்பம், கூட்டத்தின் நடை, ஆடுவோரின் களைப்பு ஆகிய யாவும் தாளத்தை மாற்றும் குறிப்புகள் ஆகின்றன. நெடுநேரம் நடந்துகொண்டே காலப்பிரமாணம் தவறாமல் முழக்குதல் எளிய பயிற்சியன்று.

மூன்றாம் வகையினர் சொல்லிசையாளர், அதாவது ‘ராப்’ பாடுவோர். இவருள் அறிவு என்பார் அரக்கோணத்தைச் சேர்ந்தவர். 2019-இல் ‘தெருக்குரல்’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். 2021-இல் வந்த ‘என்ஜாயி எஞ்சாமி’ என்னும் பாடலில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வைப் பொருளாக்கினார். ராப் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த வடிவமே. ஆயின் விரைந்த சொல்லடுக்கிற்கு எதுகையும் மோனையும் உயிராதலின், யாப்பிலக்கணம் பயிலும் நம்மனோர்க்கு அது புதுமையினும் பழமையாகவே தோன்றுகின்றது.

நான்காம் வகையினர் மேனாட்டுக் கருவிகளில் வல்லார். கிட்டார் இசைக்கும் சாகிப் சிங்கும், டிரம்ஸ் இசைக்கும் மனு கிருஷ்ணனும் இவ்வகையினர். தென்மா இதற்கு முன்னரே ‘குரங்கன்’ என்னும் தமிழ்த் தனியிசைக் குழுவில் உழைத்தவர். பல திறத்தாரையும் ஓரிசையாக இயைக்கும் பொறுப்பு இவரதாயிற்று.

இந்நால்வகையினரும் எவ்வாறு ஒன்றுபட்டனர்? இதற்கு இசையிலக்கணமே ஒரு விடை தருகின்றது. கானாப் பாடல்களிற் பெருவரவிற்றாகிய நடை, ஓர் அடிப்பை மூன்றாகப் பகுக்கும் திச்ர நடை. புளூஸில் ‘ஷஃபிள்’ என வழங்கும் நடையும் அடிப்பை மூன்றாகப் பகுத்து, முதலையும் மூன்றாவதையும் ஒலிப்பதே. ஆகவே டோலக் கற்றவரும் டிரம்ஸ் கற்றவரும் வெவ்வேறு மொழி பேசினும், எண்ணிக்கையில் ஓரிடத்தே சந்திக்கின்றனர். சாவு வீட்டிற் கற்றவர் கல்விக்கும் மேனாட்டு முறையிற் கற்றவர் கல்விக்கும் இடையே, தாளத்தளவில், ஏற்றத்தாழ்வு காட்டுதல் அரிது.

ஈண்டு ஒரு தடை எழும். “பறையடித்தல் ஒரு குலத்தார்மேற் சுமத்தப்பட்ட கட்டாயத் தொழில், அது அடிமைக்குறி, அதனைக் கீழே வைப்பதன்றோ விடுதலை?” என்பர் சிலர். இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. மானம் கருதிப் பறையைத் துறந்தாரும் நம் நாட்டில் உளர். அவர் செய்கை நேரிதே. இதே வினா அமெரிக்காவிலும் எழுந்தது. விடுதலை பெற்ற மக்களுக்கென 1866-இல் மிஷன் சங்கத்தார் தொடங்கிய ஃபிஸ்க் கல்லூரியின் மாணவர், தம் பெற்றோர் பாடிய அடிமைக்காலப் பாடல்களை அயலார்முன் பாடத் தொடக்கத்திற் கூசினர். அப்பாடல்கள் அவர்க்குப் பழைய துயரின் நினைவாகவும், வெளியிடத் தகாத புனிதமாகவும் இருந்தன. பின்னர் 1871-இற் புறப்பட்ட அம்மாணவர் குழு அவற்றையே பாடி, கடனில் தத்தளித்த கல்லூரிக்குப் பொருள் ஈட்டியது. அப்பாடல்கள் உலகம் அறிந்த செல்வமாயின. கட்டாயத்தால் அடிப்பது வேறு. தானே விரும்பி, தன் பெயர் சொல்லி இசைப்பது வேறு. முன்னதில் கருவி ஆளுகின்றது. பின்னதில் மனிதன் ஆளுகின்றான். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் செய்தது பின்னதே.

இனி, நம் ஊர்ப்பக்கம் நோக்குவோம். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களுள் தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் வைத்து எண்ணினார். கொங்கு நாட்டிலோ துடும்பு, உருமி, பம்பை, ஜமாப் ஆகியன இன்றி எத்திருவிழா நிறைவுறும்? அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடுவோரைத் தேடி, காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்திற்கு வந்து, 1965-இல் அக்கதையை முழுதும் ஒலிப்பதிவு செய்தவர் பிரெண்டா பெக் என்னும் மேனாட்டு மானிடவியல் அறிஞர். கடல் கடந்து வந்தவர்க்குப் புலப்பட்ட அருமை, அடுத்த தெருவில் உள்ள நமக்குப் புலப்படாதிருத்தல் முறையோ?

திருவிழா அழைப்பிதழ்களைப் பார்மின். சொற்பொழிவாளர் பெயர் உண்டு. நாதசுர வித்துவான் பெயர் உண்டு. உபயதாரர் பெயர் கட்டாயம் உண்டு. துடும்படிப்பவர் பெயரைக் காண்டல் அரிது. ‘மேளதாளம் முழங்க’ என்னும் இரண்டு சொற்களில் அவர்கள் யாவரும் அடங்கிவிடுகின்றனர். நம் தோழருள்ளும், “தந்தையார் என்ன செய்கின்றார்?” என்று கேட்பின், “கூலி வேலை” என்று கூறி, அவர் அடிக்கும் கருவியின் பெயரை விழுங்கிவிடுவார் உளர். அவர் நாணத்திற்கு அவர் பொறுப்பல்லர். கேட்டு மதியாத நாமே பொறுப்பு.

ஆதலின், நம் கல்லூரித் தமிழ்ச் சங்கத்தார்க்கு ஒன்று விண்ணப்பிக்கின்றோம். வரும் கல்வியாண்டில் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலுள்ள இசைக்கலைஞர் ஒருவரை, அவர் இசைவு பெற்று, அணுகுக. அவர் இசைக்கும் கருவி யாது, யாரிடம் பயின்றார், எந்நடைகளை அறிவார், தம் மக்களுக்குக் கற்பிக்க விரும்புகின்றாரா என்பவற்றை அவர் சொற்களிலேயே எழுதுக. கற்பிக்க விரும்பவில்லையாயின், அதன் காரணத்தையும் மறையாது எழுதுக. இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை; ஒரு குறிப்பேடும் பொறுமையோடு கேட்கும் செவியும் அமையும். எழுதத் தொடங்குங்கால், முதல் வரியில் அவர் பெயரை எழுதுவோமாக.