காஞ்சியிலிருந்து கடற்கரைக்கு: கிளம்புமுன் சில குறிப்புகள்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 65 கி.மீ. கார் பேசி, கூடவே ஒரு வழிகாட்டியையும் அமர்த்திக்கொண்டு குடும்பத்தோடு ஒரு நாள் போய்வர ஏற்ற இடம்.

1. முகூர்த்த நாளில் வாடகைக் கார் கிடைப்பது குதிரைக்கொம்பு. கல்யாண ஜவுளிக் கூட்டத்தில் காந்தி ரோடைத் தாண்டுவதற்கே பொழுது போய்விடும். மார்கழியில் இந்தத் தொல்லை இல்லை, வெயிலும் தணிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிருங்கள். மாசி மகத்தையொட்டி இருளர் மக்கள் கன்னியம்மனை வழிபட மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். அது அவர்களுடைய நாள். நாம் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

2. மஞ்சள் நம்பர் பிளேட் உள்ள வண்டியாகப் பேசுங்கள். தெரிந்தவர் என்று வெள்ளை போர்டு சொந்தக் காரை வாடகைக்கு எடுத்தால், விபத்து நேரும்போது இன்சூரன்ஸில் சிக்கல் வரும். கிலோமீட்டர் கணக்கா, நாள் வாடகையா, டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா இவையெல்லாம் யார் பொறுப்பு என்று முதல் நாளே கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். டிரைவருக்கும் சேர்த்தே சாப்பாடு கட்டுங்கள்.

3. வழிகாட்டியிடம் சுற்றுலாத் துறை அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை மணி நேரம், என்ன கட்டணம் என்பதை முன்னமே முடித்துக்கொள்ளுங்கள். 'கடைக்கு அழைத்துப் போக வேண்டாம்' என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லி வைக்கலாம்.

4. பயணத்துக்கு முந்தைய வாரம், ஒரு மாலை நம் ஊர்க் கைலாசநாதர் கோயிலுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அதைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன்தான் கடற்கரைக் கோயிலையும் கட்டினான். நடுவில் குழந்தை முருகனோடு சிவனும் உமையும் அமர்ந்திருக்கும் சோமாஸ்கந்தர் சிற்பத்தையும், தூணில் எழுந்து நிற்கும் சிங்கத்தையும் இங்கே காட்டிவிடுங்கள். அங்கே போனதும் அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது பிள்ளைகளின் வேலை. வழிகாட்டியிடமும் 'நாங்கள் காஞ்சிக்காரர்கள், அங்கிருந்தே தொடங்குங்கள்' என்று சொன்னால் மனப்பாட உரையை விட்டுவிட்டுப் பேச ஆரம்பிப்பார். கட்டணத்துக்கு மேல் கிடைக்கும் லாபம் இதுதான்.

5. விடியற்காலை 5 மணிக்கே கிளம்புங்கள். அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை. காலை வெயில் அதன்மேல் விழும்போதுதான் உருவங்கள் துலங்கும். உச்சி வேளையில் பாறை கால் சுடும், தலசயனப் பெருமாள் கோயிலும் நடை சாத்திவிடும். பத்து மணிக்குள் பார்ப்பதுதான் பார்ப்பது.

6. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட். முதல் இடத்திலேயே கசக்கி எறிந்துவிடாதீர்கள். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம்.

7. கட்டுச்சாதத்துக்குக் காஞ்சிபுரம் இட்லியை மிஞ்ச ஒன்றுமில்லை. மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து மந்தாரை இலையில் வேகவைத்தது சட்டென்று கெடாது. நன்றாக ஆறிய பிறகே மூடுங்கள். சூட்டோடு அடைத்தால் வியர்த்து நொசநொசத்துவிடும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி போதும். தயிர்சாதத்துக்குப் பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விடுங்கள், மதியத்துக்குச் சரியாக இருக்கும். பொட்டலம் கட்ட பாலித்தீன் பை வேண்டாம், 2019 முதல் தடை. மஞ்சப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

8. பட்டுப்புடவை வேண்டாம். நெய்கிற ஊரிலிருந்து போகிறோம் என்ற பெருமைக்காகக் கட்டிப்போனால் உப்புக்காற்றும் வியர்வையும் சரிகையைக் கறுக்க வைத்துவிடும். பெருமாளைப் பட்டுடுத்திதான் சேவிப்பேன் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால் மாற்றுப்புடவை கையில் இருக்கட்டும். கடல் நீர் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். நிழலில் உலர்த்தி, பீரோவுக்குள் வைக்காமல் நேரே டிரை வாஷுக்குக் கொடுங்கள்.

9. கடலில் கால் நனைத்தால் போதும். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு துண்டு மட்டும் அமைதியாகத் தெரிந்தால் அங்கேதான் நீர் உள்ளே இழுக்கும். பார்வைக்குச் சாதுவாக இருப்பதால் ஊர்ப்புறத்திலிருந்து போகிறவர்கள் அங்கேயே இறங்குகிறார்கள். இழுவையில் மாட்டினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். ஏரியில் நீச்சல் கற்ற தைரியம் இங்கே உதவாது.

10. காலில் ஒட்டிய ஈர மணலுக்கு முகப் பவுடரைத் தூவித் துடையுங்கள், உதிர்ந்துவிடும்.

11. மதியம் மீன் சாப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வரத்து குறைவு, விலை கூடுதல். எப்போது போனாலும் பொரிக்கச் சொல்லுமுன் விலையைக் கேட்டுவிடுங்கள்.

12. பிற்பகலுக்கு ஓர் இடம் போதும். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்.

13. சிற்பம் வாங்கும்போது கருங்கல்லா, மாவுக்கல்லா என்று கேளுங்கள். மாவுக்கல்லில் ஆணி பட்டால் கீறல் விழும். கடைக்காரர் அனுமதியோடு அடிப்பக்கத்தில் சோதிக்கலாம். குட்டி அம்மி வாங்கினால், ஊறவைத்த அரிசியை நாலைந்து முறை அரைத்துக் கொட்டிக் கழுவிய பிறகே சமையலுக்கு எடுங்கள். இல்லாவிட்டால் சட்னியில் கல் நெறுநெறுக்கும்.

14. திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றம் மலைக்கு ஏற வேண்டாம். 500க்கும் மேற்பட்ட படிகள், கால் கெஞ்சும் நேரம். கீழே பக்தவத்சலேஸ்வரர் கோயிலைத் தரிசித்துவிட்டு வண்டி ஏறுங்கள். மலைக்கு இன்னொரு நாள், காலையில்.