குழாயா, கப்பலா, கட்டியா? மசகு எண்ணெய் போகும் வழிபற்றிக் கரையோரத்தாருக்கு ஒரு வழிகாட்டி

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி காலையில் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பலில் தீப்பிடித்தது. அப்போது அது சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே ஏறத்தாழ 38 கடல் மைலில் நின்றது. குவைத்தின் மினா அல் அஹ்மதியில் ஏற்றிய 270,000 மெற்றிக் தொன் மசகு எண்ணெயோடு ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்துக்குப் போகிற வழி. வெடிப்பு இயந்திர அறையில். மாலுமிகள் 23 பேரில் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் இறந்துபோனார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் தண்ணீரும் நுரையும் அடித்துத் தீயை அணைத்தன. அது மறுபடி மூண்டு, 9ஆம் திகதிதான் அடங்கியது.

அந்த வாரம் கல்முனையில் தேத்தண்ணிக் கடைகளில் வேறு பேச்சில்லை. ஒரு தம்பி கேட்டான்: “எண்ணெயாக் கொண்டு போறதாலதானே இந்தப் பயம், காக்கா? கல்லாக்கிக் கொண்டு போக ஏலாதா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு தேடிப் பார்த்தால், கனடாவில் அதையே செய்து பார்த்திருக்கிறார்கள்.

எண்ணெய் எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் நாங்கள் அல்ல. ஆனாலும் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள், ஒரு படிவத்தில் கையொப்பம் கேட்பார்கள், “இது முற்றிலும் பாதுகாப்பானது” என்று ஒரு படத்தைக் காட்டுவார்கள். அந்த நாளுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கட்டி எண்ணெயை முதலில் எடுக்கிறேன். புதுமையாகத் தெரிவதும் அதுதான், அதிகம் ஏமாற்றக்கூடியதும் அதுதான்.

உண்மையில் எங்களுக்கு அது புதிதல்ல. பாதை போடும்போது ஓரத்தில் தார் பீப்பாயைச் சாய்த்து வைத்து, கீழே விறகை மூட்டி உருக்குவதைப் பார்க்காதவர் இல்லை. பீப்பாய் சரிந்து கிடந்தாலும் தார் ஓடாது. தகரத்தைக் கிழித்தால் கறுப்புக் கண்ணாடிபோல் உடைந்து நிற்கும். நெருப்புப் பட்டால்தான் இளகும். கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்து மணலிலிருந்து எடுக்கும் எண்ணெயும் ஏறக்குறைய இந்தச் சாதிதான். அதைக் குழாயில் தள்ள வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட மெல்லிய எண்ணெயைக் கலந்து இளக்க வேண்டும். இளக்கியதைப் போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி பிரிக்க வேண்டும். தானாகவே கட்டியாக நிற்கும் பொருளை ஏன் பாடுபட்டுத் தண்ணீராக்க வேண்டும் என்று சிலர் யோசித்தார்கள். கனடியன் நெஷனல் ரயில்வே 2017இல் கனாபக்ஸ் என்றொரு முறையை வெளியிட்டது. கெட்டித் தாரோடு கொஞ்சம் பிளாஸ்டிக்கைச் சேர்த்து, மேலேயும் பிளாஸ்டிக்கால் போர்த்தி, சவர்க்காரக் கட்டி அளவில் வார்ப்பது. நிலக்கரி ஏற்றும் பெட்டியிலேயே கொட்டிக் கொண்டு போகலாம். சேருமிடத்தில் உருக்கி, பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தலாம். தண்ணீரில் விழுந்தால் மிதக்கும், கரையாது. அதே ஆண்டில் கல்கரிப் பல்கலைக்கழகத்தில் இயன் கேட்ஸ் என்ற பொறியியலாளர் இன்னொரு வழியைக் காட்டினார். அதில் பிளாஸ்டிக்கே வேண்டாம். எண்ணெயைச் சூடாக்கி, அதன் கனத்த பகுதியாலேயே தோல் கட்டவைத்த மாத்திரைகள் அவை. வேறெதையோ தேடப் போய்த் தற்செயலாகக் கிடைத்தது என்பார்கள்.

இதன் அருமை விளங்க வேண்டுமானால் 2010 ஜூலையில் அமெரிக்காவின் மிச்சிகனில் நடந்ததைப் பார்க்க வேண்டும். இளக்கிய தார் போன குழாய் வெடித்து கலமசூ ஆற்றில் கலந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு 17 மணித்தியாலம் அது விளங்கவில்லை. அழுத்தம் குறைகிறதென்று இன்னும் பம்ப் பண்ணினார்கள். கலந்த மெல்லிய எண்ணெய் ஆவியாகிப் போக, மிஞ்சிய தார் ஆற்றின் அடியில் போய்ப் படிந்தது. துப்புரவு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அங்கே போனது கட்டியாக இருந்திருந்தால் பொறுக்கி எடுத்திருக்கலாம்.

இவ்வளவும் சரி. நியூ டயமண்டில் இருந்தது இந்தத் தார் அல்ல. குவைத் எண்ணெய் எங்கள் வெயிலில் நல்லெண்ணெய்போல் ஓடும். அதைக் கட்டியாக்க வேண்டுமானால் இயற்கையோடு மல்லுக்கு நிற்க வேண்டும். கட்டியாகும் எண்ணெய் எது, ஆகாதது எது என்பதற்குப் பக்கத்து நாட்டிலேயே சாட்சி உண்டு. ராஜஸ்தானின் பார்மர் பகுதியில் 2004இல் கண்டுபிடித்த மங்களா வயலின் எண்ணெயில் மெழுகு அதிகம். ஏறத்தாழ 40 பாகைக்குக் கீழே ஆறினால் உறைந்துவிடும், நுவரெலியாவில் போத்தலுக்குள் தேங்காயெண்ணெய் உறைவதுபோல. கடவுளே கட்டியாக்கித் தந்த எண்ணெய். அப்படியிருந்தும் அவர்கள் அதைப் பெட்டியில் ஏற்றவில்லை. குஜராத் கரை வரைக்கும் 600 கிலோமீற்றருக்கு மேல் குழாய் போட்டு, போர்த்தி, வழிநெடுகச் சூடாக்கி, ஓடவிட்டார்கள். நாள்தோறும் பெரும் அளவில் போகவேண்டிய பொருளுக்கு, சூடாக்கும் செலவோடு சேர்த்துப் பார்த்தாலும், குழாயே இலாபம் என்பது அவர்கள் கணக்கு.

அளவைப் பார்த்தாலும் அப்படித்தான். கெட்டித் தாரை 20 அடிக் கொள்கலனில் அடைத்துக் கனடாவிலிருந்து சீனாவுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றில் 130 பீப்பாய் பிடித்தது. நியூ டயமண்டில் இருந்தது ஏறத்தாழ 20 இலட்சம் பீப்பாய். அந்தக் கணக்கில் பதினையாயிரம் கொள்கலன் வேண்டும். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் இருந்தவை 1,486. அப்படிப் பத்துக் கப்பல்.

அந்தப் பெயரைச் சும்மா இழுக்கவில்லை. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து, ஜூன் 2ஆம் திகதி தாழ்ந்த அந்தக் கப்பலிலிருந்து 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. பருப்பளவு வெள்ளை மணி. திரவமில்லை, வழியாது, மிதக்கும். கட்டி எண்ணெய்க்கு விளம்பரத்தில் சொல்லும் குணங்கள் எல்லாம் அதற்கும் இருந்தன. நீர்கொழும்புப் பக்கத்தில் சரக்குவக் கரையில் மண்ணை அள்ளி அரித்தட்டில் போட்டு அரித்தார்கள். ஒரு அலை அடித்தால் அரித்த இடம் மறுபடி வெள்ளை. “கட்டியாக இருந்தால் பொறுக்கலாம்” என்று யாராவது சொன்னால், எத்தனை பேர், எத்தனை நாள், யார் கூலி என்று கேளுங்கள். சவர்க்காரக் கட்டி அளவென்றால் மணியைவிடப் பொறுக்க இலேசுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கரைவலையின் மடியில் மீனோடு அவை ஏறும் காட்சியை அந்தப் படம் வரைந்தவர்கள் யோசித்திருக்கமாட்டார்கள்.

சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. எண்ணெய்க் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டினால் நட்டஈட்டுக்கு 1992ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைகள் உண்டு. கப்பல்காரர் தவறு செய்தாரா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் கொடுப்பது போதாவிட்டால் எண்ணெய் வாங்கும் நிறுவனங்கள் காசு போட்ட நிதியம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது மொத்தமாக எண்ணெய் ஏற்றவென்று கட்டிய கப்பலுக்குத்தான். அதே எண்ணெயைக் கட்டியாக்கிக் கொள்கலன் கப்பலில் ஏற்றினால் அந்தக் குடைக்கு வெளியே போய்விடும். எக்ஸ்பிரஸ் பேர்ள் வழக்கில் எங்கள் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈட்டுக்கு உத்தரவிட்டது 2025 ஜூலையில். கப்பல் எரிந்து நான்கு வருடம் கழித்து.

இனித் திரவமாகக் கப்பலில் போவது. எங்கள் கண்ணுக்கு எதிரே போவது இதுதான் என்பதால் இதன்மேல்தான் கோபம் அதிகம். கணக்கு வேறு சொல்கிறது. 1970களில் உலகம் முழுக்க 700 தொன்னுக்கு மேல் கொட்டிய கப்பல் விபத்துகள் ஆண்டுக்கு இருபதுக்கும் மேல். 2010களில் அது இரண்டுக்கும் கீழே. அலாஸ்காவில் 1989இல் எக்சன் வால்டெஸ் தரைதட்டிய பிறகு இரட்டைச் சுவர் கட்டாயமானது ஒரு பெரிய காரணம். நியூ டயமண்டும் இரட்டைச் சுவர்க் கப்பல்தான். ஒரு வாரம் எரிந்தும் அதன் சரக்குத் தாங்கிகள் உடையவில்லை. 270,000 தொன்னும் அப்படியே இழுத்துச் செல்லப்பட்டது.

அப்படியானால் அன்று கப்பலைச் சுற்றிக் கடலில் எண்ணெய் படர்ந்ததே, அது எங்கிருந்து வந்தது? கப்பல் தான் ஓடுவதற்காக வைத்திருந்த எரிபொருளிலிருந்து. அது 1,700 தொன் இருந்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்கச் சொல்வேன். அந்தச் சரக்கு முழுவதையும் அன்று கல்லாக்கி ஏற்றியிருந்தாலும் சங்கமன்கண்டிக்கு வெளியே படர்ந்தது படர்ந்துதான் இருக்கும். அதற்கு ஒரு மாதம் முந்தி மொரீசியஸில் தரைதட்டிய வகாஷியோ கப்பலில் சரக்கே இல்லை. அதன் சொந்த எரிபொருளில் ஏறத்தாழ ஆயிரம் தொன் கொட்டி அந்தத் தீவின் கடற்களப்பையே நாசமாக்கியது. “என்ன ஏற்றுகிறது” என்று கேட்பதோடு “என்னத்தை எரித்து ஓடுகிறது” என்றும் கேளுங்கள். கூட்டங்களில் இரண்டாவதை யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று காற்று. செப்டெம்பரில் எங்கள் பக்கம் கச்சான். அது கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், படலத்தைத் தள்ளிக்கொண்டு போகும். அதே விபத்து டிசம்பரில், வாடை அடிக்கும்போது நடந்திருந்தால் திருக்கோவில் தொடங்கி நிந்தவூர், சாய்ந்தமருது, மருதமுனை வரைக்கும் கதை வேறு. திரவப் படலம் கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் அலையில் சிதையும். கட்டி அப்படிச் சிதையாது. எந்தக் காற்றுக்கும் மிதந்து, காற்று விட்ட இடத்தில் ஒதுங்கும். வாடை மாதத்தில் எனக்குக் கட்டியைக் கண்டால்தான் பயம்.

குழாய்க்கு வருவோம். குவைத்திலிருந்து பாரதீப்புக்கு யாரும் குழாய் போடப் போவதில்லை. ஆனால் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு எண்ணெய்க் குழாய் என்ற பேச்சு 2023 ஜூலையில் இரு நாட்டுக் கூட்டு ஆவணத்தில் ஏறிவிட்டது. 2025 ஏப்ரலில் திருகோணமலையை வலுசக்தி மையமாக்க இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் கையொப்பமிட்டன. அந்தக் குழாயில் வரப்போவது மசகு எண்ணெயல்ல. பெற்றோல், டீசல்போலச் சுத்திகரித்தது. திருகோணமலையில் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்க் குதங்கள் 99 இருக்கின்றன. ஆகவே எங்கள் கிழக்குக்கு உண்மையில் வரக்கூடிய தெரிவு கட்டி எண்ணெயல்ல, குழாய்தான்.

குழாய் நல்லபடி ஓடினால் அதைவிட நிம்மதியில்லை. 2022இல் பவுசர் வராமல் மண்ணெண்ணெய்க்குக் கான்களை வரிசையாக வைத்துக் காத்திருந்தவர்கள் அதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஓடாவிட்டால்? கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளியில் வருடாவருடம் யார் பேரில் கொடியேற்றுகிறோமோ அந்த ஆண்டகையின் ஊரான நாகூரில், பட்டினச்சேரிக் கடற்கரையில், 2023 மார்ச்சில் மசகு எண்ணெய்க் குழாய் உடைந்து கடலில் கலந்தது. மீனவர்கள் கடலுக்குப் போகாமல் போராடினார்கள். அடைத்தால் போதாது, குழாயையே எடு என்றார்கள். குழாயின் குணம் இதுதான்: கப்பல் கடந்து போய்விடும், குழாய் குடியிருக்கும். இருபது வருடம் கழித்துத் துருப்பிடிக்கும்போது அன்று வாக்குத் தந்த அதிகாரி ஓய்வூதியத்தில் இருப்பார்.

அதோடு, கரையில் எதையாவது கட்டினால் கடல் எப்படிப் பதில் சொல்லும் என்பதை ஒலுவில் எங்களுக்குக் காட்டிவிட்டது. 2013இல் திறந்த துறைமுகத்தின் வாயை மண் மூடியது. வடக்கே கரையை அலை தின்றது, தென்னைகள் சரிந்தன. குழாய்க்கென்று கரையில் ஒரு மேடையோ அணையோ கட்ட வந்தால், மண் நகர்வு பற்றிய ஆய்வை முதலில் காட்டச் சொல்லுங்கள். தமிழில் கேளுங்கள்.

ரயிலும் பவுசரும் மசகு எண்ணெய்க்கு ஒத்துவராது. நியூ டயமண்ட் சரக்கை 33,000 லீற்றர் பவுசரில் ஏற்றினால் ஒன்பதாயிரத்து அறுநூறு பவுசர் வேண்டும். ரயிலில் என்றால் 2013 ஜூலையில் கனடாவின் லாக் மெகான்திக் ஊரில் 47 பேரைச் சாகடித்த எண்ணெய் ரயில் ஞாபகம் வருகிறது. கட்டி எண்ணெய் உண்மையாகவே உயிர் காக்கக்கூடிய இடம் ரயில்தான்: கெட்டித் தார், நீண்ட தண்டவாளம், ஊருக்கு நடுவே போகும் பாதை. கனடாவுக்கு அது பொருந்தும்.

என்னிடம் கேட்டால், வளைகுடா எண்ணெய் இரட்டைச் சுவர்க் கப்பலிலேயே போகட்டும். கரையை விட்டு இன்னும் விலகிப் போகட்டும், இழுவைக் கப்பல் ஒன்று கிழக்கிலேயே தயாராக நிற்கட்டும். சுத்திகரித்த எண்ணெய்க்குக் குழாய் வந்தால் எதிர்க்கமாட்டேன், ஆனால் தானாக மூடும் அடைப்புகள் எங்கே, உடைந்தால் எத்தனை நிமிடத்தில் தெரியும் என்பதை எழுத்தில் வாங்காமல் கையொப்பமிடமாட்டேன். கட்டி எண்ணெயைக் கொள்கலனில் எங்கள் கடல்வழியாகக் கொண்டு போக யாராவது வந்தால், நட்டஈட்டுச் சட்டம் மாறிய பிறகு வரச் சொல்வேன்.

இதற்கிடையில் தோணிக்காரர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்த வழியில் எண்ணெய் வந்து கொட்டினாலும், நட்டஈடு கேட்கப் போகும்போது முதல் கேள்வி “போன வருடம் இதே மாதம் எவ்வளவு பிடித்தாய்?” என்பதுதான். கையில் கணக்கில்லாதவருக்குச் சராசரி போட்டுக் கொடுப்பார்கள், அதுவும் கொடுத்தால். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். திகதி, போன இடம், பிடித்த மீன், எத்தனை கிலோ, என்ன விலை. மீனை ஏலம் விட்ட முதலாளியிடம் கிழமைக்கொருமுறை ஒரு கையொப்பம். கொப்பியைத் தோணியில் வைக்காதீர்கள், வீட்டில் உம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.