அப்பாவுக்கு ஃபிஸ்டுலாவா? உங்க சம்பள உயர்வு தேதியையும் பாருங்க

புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில வேலை பார்க்கிற ஒரு தம்பியோட கேள்வி இது. அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் செயலிழந்துட்டு வருது. டயாலிசிஸ் இன்னும் தொடங்கலை. ஆனா டாக்டர் இப்பவே கையில ஃபிஸ்டுலா போடச் சொல்றார். "தேவைப்படும்போது போட்டுக்கலாமே அண்ணா, இப்பவே எதுக்கு செலவு?"

தள்ளிப்போடக் கூடாத செலவு இது. மணிக்கட்டுக்கிட்ட ஒரு தமனியை ஒரு சிரையோட இணைச்சுத் தைக்கிறாங்க. நியூயார்க் டாக்டர்கள் 1966-ல வெளியிட்ட முறை, இன்னைக்கும் இதுதான் முதல் தேர்வு. தமனி ரத்தம் வேகமாப் பாயப் பாய, அந்தச் சிரை தடிச்சு, ஊசி தாங்கற அளவுக்குத் தயாராகும். அதுக்குக் குறைஞ்சது ஆறு வாரம், சிலருக்கு மூணு மாசத்துக்கு மேலயும் ஆகும். அதுக்குள்ள டயாலிசிஸ் அவசரம்னா கழுத்துல குழாய்தான். அதுல கிருமித்தொற்று ஆபத்து அதிகம். தொற்று வந்தா அட்மிஷன், ஆன்டிபயாடிக், உங்க லீவு எல்லாமே செலவுதான்.

இப்ப பணக் கணக்கு. தம்பிக்கு இஎஸ்ஐ இருக்கு, அவரை நம்பியிருக்கிற பெற்றோருக்கும் அதுல சிகிச்சை உண்டு. பக்கத்துலயே கோரிமேட்டுல இஎஸ்ஐ மருத்துவமனை. பெரிய சிகிச்சைக்குத் தகுதி நாட்கள் கேட்பாங்க, முதல்ல அதை விசாரிச்சுடுங்க. சிக்கல் எங்கன்னா, அவருக்கு சம்பள உயர்வு வரப்போகுது. இஎஸ்ஐ வரம்பு 2017 ஜனவரியிலிருந்து மாசம் ₹21,000. ஆகஸ்ட்ல அதைத் தாண்டினாலும் செப்டம்பர் வரை பிடித்தம் தொடரும், அதுக்கான மருத்துவப் பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அதுக்கப்புறம்?

தனியார் பாலிசி எடுக்கலாம்னா, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 36 மாசம் வரைக்கும் காத்திருப்பு வைக்கலாம். கிட்னி நோய்னதும் பாலிசியே தராம போகவும் வாய்ப்பு இருக்கு. மறைச்சு எடுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஹெச்ஆர்கிட்ட ஒண்ணு கேளுங்க: "குரூப் இன்ஷூரன்ஸ்ல பெற்றோர் உண்டா, முதல் நாள்லயே பழைய நோய்க்கும் கிடைக்குமா?" இல்லைன்னா, இஎஸ்ஐ இருக்கும்போதே ஃபிஸ்டுலாவை முடிச்சிடறது நல்லது.

பழைய வரி முறையில இருந்தா 80டிடிபி-யில ₹40,000 வரை கழிவு உண்டு, அப்பாவுக்கு 60 ஆகியிருந்தா ₹1 லட்சம் வரை. சிறுநீரக நிபுணரோட சீட்டு வேணும்.

இன்னொண்ணு, இதுக்குக் காசே ஆகாது. அப்பா வலது கைக்காரர்னா பெரும்பாலும் இடது கையிலதான் ஃபிஸ்டுலா. இன்னைலேர்ந்தே அந்தக் கையில ரத்தம் எடுக்க, டிரிப்ஸ் போட விடாதீங்க. லேப்ல போய் உட்கார்ந்ததுமே வலது கையை நீட்டச் சொல்லுங்க.